வாசல் கொள்ளாத மதாம்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். குரலிலேயே மூச்சு வாங்கியது.

"ஏழுமலை சாருங்களா? மாட்டாஸ்பத்திரியில உங்க நம்பர் குடுத்தாங்க. வெள்ளிக்கிழமை எங்களுக்கு கிரகப்பிரவேசம் சார். ரெட்டியார்பாளையத்துல ஃப்ளாட்டு, ரெண்டாவது மாடி. ஒரு பசுவும் கன்னுக்குட்டியும் வேணும்."

"மாடு இல்லையே தம்பி."

"இந்த ஏரியாவுல உங்களுக்குத் தெரியாத மாடே இல்லன்னாங்களே?"

"அது வாஸ்தவந்தான். இந்த ஏரியாவுல மாடே இல்ல. அதனால எனக்குத் தெரியாத மாடும் இல்ல."

கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்து ஒன்று கேட்டார் பாருங்கள்: "வெளியிலேர்ந்து கொண்டாந்தா லிஃப்ட்ல ஏறுங்களா சார்?"

எனக்கு வந்த சிரிப்பில் போன் கையிலிருந்து நழுவிவிட்டது. என்னமோ ஏதோவென்று மனைவி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். லிஃப்டில் மாடு ஏறுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் மாடு வெளியே வர முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும். அந்தத் தம்பி ஃப்ளாட் வாங்கியிருக்கும் அதே தெருவில் நடந்ததுதான். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது, பொய் இரண்டு இருக்கிறது. இதுவரை எங்கேயும் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, பென்ஷனும் ஒழுங்காக வருகிறது. இனி யார் என்னை என்ன செய்துவிட முடியும்?

கால்நடைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். பசுக்களுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை. யாராவது கேட்டால் என் மனைவி "கவர்மென்ட்ல இருக்காரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். தெருக்காரர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு என் சைக்கிள் தெருமுனை திரும்பினாலே, "மாப்ளய டப்பாவுல அடைச்சி எடுத்தாந்துட்டாருடி" என்று ஒரு குரல் கிளம்பும். தெருவே சிரிக்கும். அந்த ஒரு தெருவில் மட்டும் பதினோரு வீட்டில் மாடு இருந்தது. பஞ்சாலையில் வேலை போனதும் முக்கால்வாசிப் பேர் மாடுதான் வாங்கினார்கள். சுற்றிலும் காலி மனை, காலி மனை முழுக்கப் புல். அவிழ்த்துவிட்டால் போதும், மேய்ந்துவிட்டுத் தானாக வீடு திரும்பும்.

எனக்குப் பயிற்சி மூன்று மாதம். அதில் இரண்டு மாதம் பயம், ஒரு மாதம் நாற்றம். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. நான் வேலை கற்றது டாக்டர் அந்துவானிடம்தான்.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். டாக்டர் எங்களிடம் தமிழில் பேசுவார், மேலதிகாரிகளிடம் இங்கிலீஷில் பேசுவார், மாடுகளிடம் மட்டும் பிரெஞ்சில் பேசுவார். "துஸ்மான், துஸ்மான்" என்று அவர் காதோரம் சொன்னால் எப்பேர்ப்பட்ட உதைகால் பசுவும் நின்றுவிடும். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். நான் வீட்டில் என் மனைவியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், வேலை செய்யவில்லை. டாக்டர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சட்டையின் கையை மூன்று மடிப்பு மடிப்பார். மூன்றுதான், நாலாவது கிடையாது. தப்பு செய்தவனை ஒரு வார்த்தை திட்டமாட்டார். "போய் நீயே சொல்லிட்டு வா" என்பார். அதற்குத் திட்டே தேவலாம் என்றிருக்கும்.

ஊசி போடுவதற்கு அவர் வைத்திருந்த வரிசை இது. கேனுக்குள் வித்து மெல்லிய குச்சிகளில் உறைந்திருக்கும். இனத்துக்கு ஒரு நிறம். சின்ன உடம்புப் பசுக்களுக்கு ஏற்ற ஜெர்சிக்கு மஞ்சள். பெரிய கருப்பு வெள்ளை இனத்துக்கு இளஞ்சிவப்பு. வெளியே எடுத்ததும் பனி படர்ந்து எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் முப்பது எண்ணும் வரை வைக்க வேண்டும். பிறகு துடை, நிறம் பார், குச்சியில் அச்சிட்டிருக்கும் காளையின் எண்ணைப் படி, அப்புறம் நுனியை வெட்டு. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று "துடைச்சதும்?" என்று கேட்பார். "பாக்கணும் சார், படிக்கணும் சார்" என்று டீயை விழுங்கிவிட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தத் தெருவில் தனலட்சுமி அக்கா என்று ஒருவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். வீட்டுக்காரர் மில்லில் இருந்து வெளியே வந்தவர், மாடு வாங்கிய மூன்றாம் வருஷம் இறந்துபோனார். ஒரே மகன் குமரேசன், அப்போது படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் பசுவுக்குச் சிட்டு என்று பெயர். பெயருக்கு ஏற்ற உடம்பு. வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த சந்து வழியை அடுத்த வீட்டுக்காரர் மதில் கட்டி மூடிவிட்டதால், சிட்டு வாசல் வழியாகத்தான் வரும் போகும். தெருவாசல் தாண்டி, கூடம் தாண்டி, பின்வாசல் தாண்டிக் கொட்டகை. கூடத்தில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இலையைத் தாண்டிக் கால் வைத்துப் போகும். அவ்வளவு மரியாதை தெரிந்த பசு.

ஒருநாள் சிட்டு பருவத்துக்கு வந்து கத்துகிறது என்று போனேன். தண்ணீரில் குச்சியைப் போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். பதினேழு, பதினெட்டு. அக்கா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "தம்பி, மாப்ள நல்ல எடமா? மாமியார், நாத்தனார் தொல்ல ஒண்ணும் இல்லியே?" என்றார். சிரிப்பில் எனக்கு எண்ணிக்கை போயிற்று. துடைத்தேன், வெட்டினேன். நடுவில் பார்க்க வேண்டியதையும் படிக்க வேண்டியதையும் சிரித்தே தாண்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பதிவேட்டில் எழுதுவதற்குக் காலிக் குச்சியை எடுத்தால், இளஞ்சிவப்பு. சிட்டு மாதிரிச் சின்னப் பசுவுக்குப் பெரிய இனத்துக் கன்று உண்டானால் பிரசவத்தில் தாயும் பிழைக்காமல் போகலாம். அக்கா வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பசுவால். டாக்டர் சாயங்காலம் பதிவேட்டைப் பார்த்தார், அந்த எண்ணில் விரலை வைத்தார். "மோன் தியே" என்றார், மெதுவாக. கடவுளே என்று அர்த்தம். பிறகு வழக்கம்போல, "போய் நீயே சொல்லிட்டு வா."

போனேன். அக்கா காபி கொடுத்தார். குடித்தேன். திரும்பி வந்து "சொல்லிட்டேன் சார்" என்றேன். இது முதல் பொய்.

அடுத்த ஒன்பது மாதமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சிட்டுவின் வயிற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு அந்த வீட்டுக் காபி பிடித்துப்போய்விட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டார். வயிறு வளர வளர எனக்குத் தூக்கம் குறைந்தது. பெண்டாட்டி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதுகூட நான் அப்படித் தவித்ததில்லை.

ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்குச் சிட்டுவுக்கு வலி கண்டது. டாக்டர் சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்தார். முழங்கைக்கு மேல் வரை சோப்பு, அதற்கு மேல் விளக்கெண்ணெய். கையை உள்ளே விட்டவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கன்றின் குளம்பு அவர் கைக்கே பெரிதாக இருந்திருக்கும். முன்னங்கால் இரண்டிலும் கணுவுக்கு மேல் கயிறு கட்டினோம். பசு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், நிறுத்தினால் நிறுத்த வேண்டும். ஒரு காலைக் கொஞ்சம், பிறகு மறுகாலைக் கொஞ்சம், அப்படித்தான் தோள் வெளியே வரும். நேராக இழுக்கக் கூடாது, பசுவின் குதிகாலைப் பார்த்துக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். "துஸ்மான், துஸ்மான்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். சிட்டுவுக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியாது. முக்கால் மணி நேரம். பிறகு ஒரே வழுக்கலாக வந்து விழுந்தது கன்று. விழுந்த வேகத்தில் நான் சாணத்தில் உட்கார்ந்துவிட்டேன். தாய்க்கு உயிர் இருந்தது, கன்றுக்கும் இருந்தது. கிடேரிக் கன்று.

செவலையாக இருந்திருக்க வேண்டியது, பளபளவென்று கருப்பு வெள்ளையாகக் கிடந்தது. மாடு வைத்திருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அக்கா கன்றைப் பார்த்தார், சாணத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் ஒம்போது மாசமா காபி குடிச்சியா?"

"ஆமாங்கா."

"இன்னா உசரம், இன்னா நெறம்! தொரசாணி கணக்கா இல்ல இருக்குறா" என்று கன்றின் மூக்கைத் துடைத்துவிட்டார். "இவ பேரு மதாம்."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவேயில்லை. கையைப் பிடித்துச் சாணத்திலிருந்து தூக்கிவிட்டார், அவ்வளவுதான். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தில் சைக்கிளை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விட்டேன்.

மதாம் வளர்ந்தாள். வளர்ந்தாள் என்றால் சும்மா இல்லை, பார்க்கிறவர்கள் வாய் பிளக்கிற வளர்த்தி. சிட்டு வயதாகிப் போய்ச் சேர்ந்தது. தெருவில் ஒவ்வொரு கொட்டகையாக மறைந்துகொண்டிருந்தது. மேயக் காலி மனை இல்லை, வைக்கோல் கொண்டுவரும் வண்டி இல்லை, பிள்ளைகளுக்கு நேரம் இல்லை. ஒரு கொட்டகை பியூட்டி பார்லர் ஆனது, இன்னொன்று ஜெராக்ஸ் கடை. பழைய ஞாபகத்தில் நான் ஒரு வீட்டுக்குள் நேராகப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே முகத்தில் பழக்கூழ் பூசிக்கொண்டு படுத்திருந்த பெண்மணி எழுந்து அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. மேய்ச்சல் இல்லாததால் மதாம் முதல் ஈற்றுக்குப் பிறகு வெளியே போகவே இல்லை. பின்கட்டிலேயே தீனி, பின்கட்டிலேயே குளியல். கடைசியில் தெருவில் மிஞ்சியது அவள் ஒருத்திதான்.

குமரேசன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். கொட்டகையை எடுத்துவிட்டு இரண்டு ரூம் கட்டினால் சனி ஞாயிறில் வருகிற டூரிஸ்ட்டுக்கு விடலாம் என்பது அவன் கணக்கு. அக்கா முடியாது என்றார். நாலு மாதம் வாக்குவாதம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுத் தரகரையும் டாடா ஏஸையும் வரவழைத்துவிட்டான்.

காலை ஒன்பது மணிக்கு எனக்குக் குமரேசனின் போன். "மாமா, சீக்கிரம் வாங்க. மாடு பின்வாசல்ல மாட்டிக்கிச்சு."

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வெளியே வந்த டாக்டரை அப்படியே என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மதாமின் முன்பாதி கூடத்தில், பின்பாதி கொட்டகையில். நடுவயிறு பின்வாசல் நிலையில் சிக்கிக்கொண்டு அசையவில்லை. பக்கத்தில் ஃப்ரிட்ஜ். எதிரே டிவியில் சமையல் நிகழ்ச்சி. அவள் பாட்டுக்குச் சுவரில் இருந்த நாள்காட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். பங்குனி வரைக்கும் தின்றாகிவிட்டது. தரகர் கொம்புக் கயிற்றை இழுக்க, குமரேசன் சோபா மேல் நின்று கத்திக்கொண்டிருந்தான். அக்கா கொட்டகைப் பக்கம் இருந்தார்.

டாக்டர் சட்டைக் கையை மடித்தார். முதலில் டிவியை நிறுத்தச் சொன்னார். அடுத்து தரகரை வெளியே போகச் சொன்னார். மூன்றாவதாக ஒரு சாக்கு கேட்டார். மாட்டின் கண்ணை மறைத்தால் அது தானாகப் பின்னால் அடி வைக்கும். சாக்கை முகத்தில் போட்டு, நெற்றியில் உள்ளங்கையை வைத்து, "துஸ்மான், மதாம், துஸ்மான்" என்றார். ஒரு அடி. இன்னொரு அடி. நிலைக்கட்டையில் பெயின்டை உரித்துக்கொண்டு வயிறு பின்னால் நழுவியது. நாலாவது அடியில் அவள் கொட்டகையில் நின்றாள்.

டாக்டர் தன் பெல்ட்டைக் கழற்றி நிலையை அளந்தார், பிறகு வயிற்றின் அகலத்தை அளந்தார். "ரெண்டு வெரல் கூட" என்றார்.

"வேற வழி இருக்கா மாமா?" என்று குமரேசன் என்னைக் கேட்டான். டாக்டரும் என் பக்கம் திரும்பி, "சொல்லு. உன் பசுதானே" என்றார்.

வழி எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் நாங்கள் செய்வதுதான். ஒருநாள் தீனியும் தண்ணீரும் நிறுத்தினால் வயிறு நாலு விரல் வற்றிவிடும். மறுநாள் காலையில் அவள் ராஜநடை போட்டு வெளியே போவாள். வாயைத் திறந்தேன். மதாமின் முதுகுக்கு மேலே அக்காவின் முகம் தெரிந்தது. கெஞ்சவெல்லாம் இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

"நெலைய பேத்து செவுத்த இடிச்சாத்தான் உண்டு குமரேசா" என்றேன். இது இரண்டாவது பொய்.

"இடிச்சா மேல இருக்கற லிண்டலும் சேர்ந்து வந்துடும்" என்றார் டாக்டர், சுவரைத் தட்டிப் பார்த்தபடி.

குமரேசன் கொஞ்ச நாள் முன்னால்தான் வீடு முழுக்க டைல்ஸ் போட்டிருந்தான். தலையில் கை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டான். தரகர் திட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து டாக்டர், "நீ பொய் சொன்ன" என்றார்.

"நீங்களும்தான சார்?"

"நான் கட்டடத்தப் பத்திச் சொன்னேன். அதுல எனக்குப் படிப்பு கிடையாது. தப்பா இருக்கலாம்."

வண்டியை ஓரம் கட்டிவிட்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனால் அவர் எங்களுக்கு மேல். "வயிறு ஒட்டியிருந்தா தரகன் கொறச்சிக் கேப்பாம்மா, நல்லா தீனி காட்டுன்னு குமரேசன்தான சொன்னான்? விடிஞ்சதுமே உப்பும் தவுடும் கலந்து மூணு பக்கெட்டு தண்ணி காட்டிட்டேன்" என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அதன்பிறகு நாலு வருஷம் மதாம் அங்கேயே இருந்தாள். டாக்டர் ஓய்வு பெற்று மகளோடு பாரிசுக்குப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றேன். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அக்காவுக்கு முழங்கால் மடங்கவில்லை, குந்திக் கறக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் குமரேசன் கறக்கக் கற்றுக்கொண்டான். முதலில் முணுமுணுத்தான். பிறகு மதாமிடம் பேச ஆரம்பித்தான். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் எங்கெங்கோ போய்ப் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தான். ரூம் கட்டுகிற பேச்சையே விட்டுவிட்டான்.

போன வருஷம் ஒருநாள் காலையில் அக்கா போன் செய்தார். "தம்பி, நேத்துலேர்ந்து மதாமுக்குத் தீனி இல்ல, தண்ணி இல்ல. செத்த வா."

எனக்குப் புரிந்துவிட்டது. போனபோது பாகூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வண்டியோடு வந்து தெருவில் நின்றிருந்தார். நிலம் உள்ளவர், நல்ல மனுஷன், நானே அறிவேன். ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்த குமரேசன் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"செவுத்த இடிக்க முடியாதும்மா! லிண்டல் வந்துடும்னு டாக்டரே சொன்னாருல்ல? மாமா, நீங்க சொல்லுங்க!"

"செவுத்த ஒண்ணும் இடிக்க வாணாம்" என்றார் அக்கா. "ராத்திரி ஷிஃப்ட்டு பாத்துட்டு வந்து மாடு பாக்குற. சோத்துத் தட்டுலயே தூங்கிப் போற. போன வாரம் பைக்குல வர்றப்ப கண்ண மூடிட்டேன்னு நீதான சொன்ன? மாட்ட வச்சிக்கினு புள்ளய எங்கடா தேடுவேன் நானு?"

கயிற்றை லேசாகச் சுண்டினார். மதாம் தலையைக் குனிந்து பின்வாசலில் நுழைந்தாள். வயிறு நிலையைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் இடம் மிச்சம். கூடத்தில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வந்து நின்றாள். குமரேசன் அந்த நிலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அப்ப அன்னிக்கே போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றார் அக்கா.

அவன் கத்தப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டான். "பாவிங்களா, மூணு பேருமா சேர்ந்து..." என்றவன் சட்டென்று நிறுத்தினான். கொட்டகைக்கு ஓடினான். தளும்பத் தளும்ப இரண்டு பக்கெட் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தான். "தாகமா இருக்கும்மா அவளுக்கு. குடிக்கட்டும். அப்புறமா போவட்டும்."

தெருவாசல் நிலையும் அதே அளவுதான். இங்கேயே குடித்தால் வயிறு உப்பி அவள் வெளியே போக முடியாது. மதாம் பக்கெட்டை நோக்கிக் கழுத்தை நீட்டினாள். அதற்குள் அக்கா, மடங்காத காலை இழுத்து இழுத்து வந்து, ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தெருவாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். என்னைப் பார்த்து, "அதையும் எடுத்தா தம்பி" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் வாசம் பிடித்துக்கொண்டு மதாம் பின்னாலேயே நடந்து வந்தாள். குமரேசன் கயிற்றைத் தொடவில்லை.

தெருவில் நின்று இரண்டு பக்கெட்டையும் உறிஞ்சிக் குடித்தாள். அக்கா மூன்றாவதும் கொண்டுவரச் சொன்னார், குமரேசன்தான் கொண்டுவந்து கொடுத்தான். குடித்து முடித்ததும் அவள் தலையைத் தூக்கி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது அந்த வாசலில் அவளால் நுழைய முடியாது.